ஒரே கை செய்த இரண்டு ஸ்பீக்கர்கள்

ஸ்பீக்கர் வடிவமைப்பில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் பெரிய பெயர். இங்கிலாந்துக்காரர். ஜப்பானின் பயனியர் நிறுவனத்தில் அவர் இருந்த காலத்தில் இரண்டு ஸ்பீக்கர்களை உருவாக்கினார். ஒன்று, அந்த நிறுவனத்தின் உயர்தரப் பிரிவான டிஏடி வெளியிட்ட 'ரெஃபரன்ஸ் ஒன்'. நெஞ்சளவு உயரம், ஒவ்வொன்றும் 150 கிலோ, அப்போது ஜோடி 70,000 டாலருக்கும் மேல். இன்னொன்று, பயனியர் பெயரிலேயே 2012இல் வந்த 'எஸ்பி-பிஎஸ்22'. ஒரு கையால் தூக்கிப் புத்தக அலமாரியில் வைத்துவிடலாம். அப்போது ஜோடி 130 டாலர்.

விலையில் ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கேட்பதிலும் அவ்வளவு வித்தியாசம் உண்டா என்றால், நிச்சயமாக இல்லை. அந்தச் சின்னப் பெட்டி எதை விட்டுக்கொடுத்தது, எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்று பார்த்தால், ஹை-ஃபை உலகில் எந்தப் பணம் எங்கே போகிறது என்பது விளங்கிவிடும்.

மலிவான ஸ்பீக்கர் ஒன்றைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ட்வீட்டருக்குப் போகும் ஒயரில் ஒரே ஒரு கெபாசிட்டர் தொங்கிக்கொண்டிருக்கும். கனமான ஒலிகளை வூஃபருக்கும் மெல்லிய கீச்சொலிகளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்ப வேண்டிய கிராஸ்ஓவரின் வேலையை அந்த ஒன்றே சமாளிக்கும். ஜோன்ஸ் தன் 130 டாலர் ஸ்பீக்கரில் ஆறு பாகங்கள் கொண்ட முறையான கிராஸ்ஓவரை வைத்தார். பெட்டியின் பக்கங்களை வளைத்தார். நான்கு அங்குல வூஃபரும் ஒரு அங்குல ட்வீட்டரும் சந்திக்கும் இடத்தில் பாடகரின் குரல் கிழிபடாமல் பார்த்துக்கொண்டார். விலையுயர்ந்த ஸ்பீக்கருக்காகக் கற்ற வித்தையைத்தான் அவர் இதிலும் இறக்கினார்.

அந்த வித்தைக்கு ஆகும் செலவு, எத்தனை பெட்டிகள் விற்கின்றன என்பதைப் பொறுத்துப் பங்கிடப்படுகிறது. பெரும் எண்ணிக்கையில் விற்கும் ஸ்பீக்கரில் பொறியாளரின் உழைப்பு பெட்டிக்குச் சில ரூபாய்தான். சில நூறு பேர் மட்டுமே வாங்கும் ஸ்பீக்கரில் அதே உழைப்பு ஒவ்வொருவர் தலையிலும் லட்சங்களாக ஏறும். ஆகவே விலைச்சீட்டில் இருக்கும் தொகை முழுவதும் ஒலியாக மாறுவதில்லை. அரிய மரத்தகடு, கார் பெயின்ட் போன்ற மினுமினுப்பு, ஷோரூம் வாடகை, குறைந்த விற்பனை எல்லாம் அதற்குள்தான்.

ஆனால் 'ரெஃபரன்ஸ் ஒன்' வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பேஸ் என்ற விஷயத்தில் இயற்பியல் யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை. கனமான ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதே சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் வூஃபர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் பதினாறு மடங்கு. பெரிய ஸ்பீக்கரில் பத்து அங்குல வூஃபர்கள் இரண்டு. சின்னதில் நான்கு அங்குலத்தில் ஒன்று. பரப்பில் சுமார் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். அதனால்தான் பெரிய கூடத்தில் சத்தத்தை ஏற்றி ஒரு தவில் தனியை வைத்தால், சின்ன ஸ்பீக்கர் மூச்சுத் திணறும். பெரியது அலட்டிக்கொள்ளாது. அதன் ட்வீட்டரும் நடுவொலிக் கூம்பும் பெரிலியம் என்ற அரிய உலோகத்தில் ஆனவை. அது லேசானது, விறைப்பானது, செய்வதற்கு மிகவும் செலவாகும். இங்கே கொடுக்கும் காசுக்குப் பொருள் உண்டு.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் நிலைமை வேறு. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு சோதனை நடத்தி வெளியிட்டது. ஒரு பக்கம் 220 டாலர் பயனியர் ரிசீவர். மறுபக்கம் 12,000 டாலர் மதிப்புள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர். இடையில் வேறு சிலவும் இருந்தன. எல்லாவற்றின் சத்தத்தையும் துல்லியமாகச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்கச் சொன்னார்கள். ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் ஒன்றுபோல்தான் ஒலிக்கும் என்று சொன்னவர்களும், கிடையவே கிடையாது என்று சாதித்தவர்களும் கலந்துகொண்டார்கள். முடிவு, காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னது போலத்தான் இருந்தது. வித்தியாசம் உண்டு என்று நம்பியவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நல்ல ஆம்ப்ளிஃபயரின் வேலை, வந்த சிக்னலைச் சேதமில்லாமல் பெரிதாக்கித் தருவது மட்டுமே. அதைச் சரியாகச் செய்துவிட்டால் அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை. 1970களின் இறுதியில் வந்த என்ஏடி 3020 என்ற 20 வாட் ஆம்ப்ளிஃபயர் இதை உலகத்துக்குக் காட்டியது. பார்க்க ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறப் பெட்டி. மாணவர்களின் அறைகளில் இசை ஒலிக்க வைத்த பெட்டி. இன்று மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ்-டி வகை சிப் வந்த பிறகு, உள்ளங்கையை விடச் சற்றே பெரிய சீன ஆம்ப்ளிஃபயர் அந்த வேலையைச் சில ஆயிரம் ரூபாயில் செய்கிறது. சாதாரண வீட்டில் சாதாரண சத்தத்தில் பாட்டுக் கேட்க, பெரும்பாலான நேரம் ஒரு வாட்கூடச் செலவாவதில்லை. திடீர் உச்சங்களுக்குத்தான் மீதி.

டிஜிட்டல் பக்கமும் அப்படித்தான். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தெளிவு இசைத்தட்டுகளின் ஒலியைச் சாதாரண சிடியின் தரத்துக்குக் குறைத்துவிட்டு, யாருக்காவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். அதாவது பாதிக்குப் பாதி. 1982இல் கடைக்கு வந்த சிடியே மனிதக் காதுக்குப் போதும் என்றுதான் இதிலிருந்து தெரிகிறது. அப்படியிருக்க, லட்ச ரூபாய் கேபிள்களைப் பற்றிச் சொல்லக் கோபம்தான் வருகிறது. 2007இல் ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஒயர் 7,250 டாலருக்கு விற்கப்பட்டது. கண்ணால் பார்க்காமல் அதைச் சாதாரண ஒயரிலிருந்து பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருவதாக, போலி நம்பிக்கைகளை அம்பலப்படுத்தி வந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

விலை கூடினால் ஒலி கூடுகிறது என்று இத்தனை பேருக்குத் தோன்றுவது பொய்யும் இல்லை, பாசாங்கும் இல்லை. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஹர்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் இதைச் சோதித்தார்கள். 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண். திரையை விலக்கிக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது வேறு மதிப்பெண். பெரிய, கம்பீரமான ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சிறிய, விலை குறைந்த செட்டுக்கு இறங்கியது. கேட்டவர்கள் அந்த நிறுவனத்து ஊழியர்களே. கண் பார்த்ததைக் காது கேட்டதாக மூளை நம்மிடம் சொல்கிறது. அனுபவசாலிகளும் இதற்கு விலக்கில்லை.

இவ்வளவு பேசியும் பலர் விட்டுவிடும் ஒரு கருவி இருக்கிறது: அறை. நம் அடுக்குமாடி வீடுகளில் சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை. கையைத் தட்டினால் கிண்ணென்று எதிரொலிக்கும். 12 அடிக்கு 10 அடி அறையில், நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸ் வாக்கிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸ் வாக்கிலும் ஒலி தேங்கி நின்று பெருகும். பேஸ் கிதாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். எனவே இளையராஜா பாட்டின் பேஸ் வரியில் அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கி 'பூம்' என்று எழும். அடுத்த சுரம் காணாமல் போகும். நூறு மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் அதே அறையில் அதே இடத்தில் வைத்தால் அப்படித்தான் ஒலிக்கும். சொல்லப்போனால், இன்னும் ஆழமான பேஸ் அதிலிருந்து வருவதால் தொல்லை கூடவும் செய்யலாம்.

இதைச் சரிசெய்ய ஆகும் செலவு சொற்பம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி, இரண்டடி முன்னே இழுங்கள். மூலையில் வைக்காதீர்கள். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரட்டும். தரையில் கனமான பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பின் சுவரில் புத்தக அலமாரி. கூடத்தில் இரும்பு பீரோ இருந்தால் அதன் கதவு எந்தச் சுரத்துக்கு அதிர்கிறது என்று கவனியுங்கள். எத்தனையோ வீடுகளில் ஸ்பீக்கர் மேல் விழும் பழி உண்மையில் பீரோவுடையது.

விலை குறைந்தது எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. 1990களில் நம் கடைகளில் அடுக்கியிருந்த 'பிஎம்பிஓ 1,000 வாட்ஸ்' பெட்டிகள் நினைவிருக்கிறதா? ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியின் கணக்கில் அவற்றில் பத்து, இருபது வாட் தேறினால் அதிகம். எண்ணால் ஏமாற்றும் அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஐந்து சின்ன பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்து வரும் மலிவு ஹோம் தியேட்டர் செட்டில், குரல் இருக்க வேண்டிய நடுப்பகுதியில் ஓட்டை விழுந்திருக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வாங்குவது மேல்.

ஐம்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் பேச்சைக் கேட்டால் முப்பத்தைந்தாயிரத்தை ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். எட்டு, பத்தாயிரத்துக்குள் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர். மிச்சம் ஸ்டாண்டுக்கும் ஜமக்காளத்துக்கும். ஒயருக்குக் கரன்ட் கடையில் கிடைக்கும் தடித்த செம்பு ஒயர் போதும். பழைய ஸ்பீக்கர் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். வூஃபரின் ஓரம் ரப்பராக இருக்கிறதா என்று மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உதிர்ந்துவிடும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். தம்புராவோடு ஒரு தனிக்குரல் இருந்தால் உத்தமம். மனிதக் குரலில் பிசகினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபெல் கூடினாலும் கூடியதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். விற்பவர் எதை விற்க நினைக்கிறாரோ அதைக் கொஞ்சம் ஏற்றி வைப்பது சுலபம். போனில் இலவசமாகக் கிடைக்கும் சத்தம் அளக்கும் செயலி இதற்குப் போதும். பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டு, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள்.