காலைச் சாப்பாட்டில் கலக்க எந்த மா நல்லது?

"பிள்ளை மெலிஞ்சு போச்சுது. டின்னிலை வாற புரத மா ஒண்டு வாங்கிக் குடுத்தால் தேறுமோ?" தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஊரை விட்டு வந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்பவரும் கேட்கின்றார். பல வருடங்களுக்குப் பின் சொந்தக் காணிக்குத் திரும்பி, பற்றை வெட்டி, கூரைத் தகரத்தின் கீழ் மீண்டும் அடுப்பு மூட்டியவரும் கேட்கின்றார். கடையில் அடுக்கியிருக்கும் டின்களில் திடகாத்திரமான பிள்ளைகளின் படம் இருக்கிறது. ஒரு டின்னின் விலையோ சில நாள் கூலிக்குச் சமம். அந்தக் காசைச் செலவழிக்குமுன் நாம் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இங்கு பார்ப்போம்.

புரதம் எதற்கு?

தசை, இரத்தம், தோல், நோயை எதிர்க்கும் சக்தி ஆகிய யாவும் உருவாகவும் பழுதுபார்க்கப்படவும் புரதம் தேவை. வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நோயிலிருந்து தேறுவோர் ஆகியோருக்கு இது மிக முக்கியம். முதியோரின் தசை கரையாதிருக்கவும் புரதம் வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 13 கிராம். 4 முதல் 8 வயது வரை ஏறத்தாழ 19 கிராம். 50 கிலோ நிறையுள்ள வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 42 கிராம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இதைவிட இன்னும் 25 முதல் 30 கிராம் வரை கூடுதலாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் தேவை அப்படியொன்றும் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, மொத்தச் சாப்பாடே போதாவிட்டால் உடல் தான் பெற்ற புரதத்தையும் விறகாக எரித்துவிடும். ஒரு நேரம் மட்டும் வயிறாரச் சாப்பிடும் பிள்ளைக்குக் கரண்டிக் கணக்கில் புரத மா கொடுப்பது, கூரைக்கு வாங்கிய மரத்தை அடுப்பில் வைப்பது போன்றது. ஆகவே மாவோடு சேர்த்துத் தேங்காய்ப்பால், எண்ணெய், பனங்கட்டி ஆகியவற்றையும் கொடுத்து, சாப்பிடும் தடவைகளையும் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, எல்லாப் புரதமும் ஒரே தரமானதல்ல. அரிசி, கோதுமை, குரக்கன் ஆகியவற்றின் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. பயறு, உழுந்து, கௌபி, கடலை ஆகியவற்றில் லைசின் நிறைய உண்டு. ஆனால் மெதியோனின் என்னும் வேறொரு பகுதி குறைவு. தானியத்தையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. முட்டை, பால், மீன் ஆகியவற்றில் எல்லாப் பகுதிகளும் போதியளவு உண்டு. சோயா ஏறத்தாழ அவற்றுக்கு அருகில் நிற்கிறது.

எமது காலைச் சாப்பாடு பெரும்பாலும் புட்டு, இடியப்பம், ரொட்டி, பாண், கஞ்சி என்று தானியமாகவே இருக்கிறது. எனவே அதில் கலக்கத் தேடும் மா பருப்பு வகையாகவோ, சோயாவாகவோ, மீனாகவோ இருப்பதே பொருத்தம்.

எதில் எவ்வளவு?

100 கிராமில் உள்ள புரதம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

அரிசி மா – 7 கிராம்
குரக்கன் மா – 7 கிராம்
பயறு, உழுந்து, கௌபி – 24 கிராம்
கடலை – 20 கிராம்
கச்சான் – 25 கிராம்
எள்ளு – 18 கிராம்
சோயா அவரை – 36 கிராம்
முழு ஆடைப் பால்மா – 25 கிராம்
நெத்தலிக் கருவாடு – 60 கிராம்

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. குரக்கனில் புரதம் அரிசியை ஒத்ததே என்றாலும் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம் என்பதால் அதைக் கைவிடக் கூடாது. ஒடியல் மா பசியாற்றும்; அதில் புரதம் குறைவு. ஒடியற் கூழில் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்ட எமது முன்னோர் அந்தக் குறையை அறிந்தே நிரப்பியிருக்கின்றனர் போலும்.

டின்னை வாசிப்பது எப்படி?

டின்னின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். "புரோட்டீன்" என்ற வரிக்கு எதிரே 100 கிராமுக்கு எத்தனை கிராம் எனப் போட்டிருப்பார்கள். பால் கழிவு நீரிலிருந்து எடுக்கும் "வே" வகை மாவில் இது 75 முதல் 80 வரை இருக்கும். அது தரமான புரதமே. ஆனால் மோல்ட் பான மாக்களில் பெரும்பாலும் 10 கிராம் அளவில்தான் இருக்கும். மீதியில் பெரும்பங்கு சீனியும் மாப்பொருளுமே. சேர்க்கப்பட்ட பொருட்கள் நிறையில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சீனி முதல் இரண்டு, மூன்று இடங்களுக்குள் வந்தால் நீங்கள் வாங்குவது என்ன என்பது விளங்கிவிடும். "ஒரு கோப்பையில் இவ்வளவு புரதம்" என்று எழுதியிருந்தால், அந்தக் கோப்பை பாலில் கரைத்ததா எனவும் பாருங்கள். பாலின் புரதத்தையும் சேர்த்தே சில இடங்களில் கணக்குக் காட்டுவார்கள்.

அடுத்தது விலை. 10 கிராம் புரதம் எத்தனை ரூபாவுக்குக் கிடைக்கிறது என்பதே சரியான கேள்வி. 100 கிராமின் விலையை அதிலுள்ள புரதத்தின் அளவால் வகுத்து 10 ஆல் பெருக்கினால் விடை வரும்.

கணக்குப் பழகுவதற்காக ஓர் உதாரணம். 400 கிராம் டின் ஒன்று 4,000 ரூபா என்றும், 100 கிராமில் 20 கிராம் புரதம் என்றும் வைத்துக்கொள்வோம். 100 கிராமின் விலை 1,000 ரூபா. 10 கிராம் புரதத்துக்கு 500 ரூபா. பயறு கிலோ 1,200 ரூபா என்று வைத்தால் 100 கிராமின் விலை 120 ரூபா. 10 கிராம் புரதத்துக்கு 50 ரூபா. நெத்தலி கிலோ 2,400 ரூபா என்றாலும் 10 கிராம் புரதத்துக்கு 40 ரூபாதான் வரும். உங்கள் ஊர்க் கடை விலையை இட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தாலும் செய்து தரும்.

புட்டுக்கு மாவைக் கலக்கும் முறை

ஒரு குடும்பத்தின் காலைப் புட்டுக்கு 400 கிராம் அரிசி மா எடுத்தால் அதில் 28 கிராம் புரதம் உண்டு. அதே அளவில் 100 கிராமைக் குறைத்து, அதற்குப் பதில் 100 கிராம் வறுத்த பயற்றம் மாவோ உழுத்தம் மாவோ சேர்த்தால் புரதம் 45 கிராமாகும். சோயா மா சேர்த்தால் 57 கிராம். அதாவது புரதம் இரு மடங்காகிவிடுகிறது. புட்டின் ருசியும் கெடாது. உழுத்தம் மாப் புட்டும், பிள்ளை பெற்ற தாய்க்கு நல்லெண்ணெய் விட்டுக் கிளறும் உழுத்தங்களியும் எமக்குப் புதியவை அல்லவே.

கஞ்சிக்குச் சத்துமா

சிவப்பரிசி 300 கிராம், குரக்கன் 100 கிராம், பயறு 200 கிராம், சோயா 100 கிராம், கச்சான் 100 கிராம். சோயா கிடைக்காவிட்டால் உழுந்தோ கடலையோ போடலாம். இந்த 800 கிராம் மாவில் ஏறத்தாழ 135 கிராம் புரதம் உண்டு. ஒரு நேரக் கஞ்சிக்கு 30 கிராம், அதாவது சுமார் மூன்று மேசைக்கரண்டி மா எடுத்தால் 5 கிராம் புரதம் கிடைக்கும். இது ஒரு முட்டையில் உள்ளதைவிடச் சற்றே குறைவு.

செய்முறை: அரிசியைக் கழுவி வடித்து வறுக்கவும். குரக்கனை நன்றாக அரித்து மண் போக்கிக் காயவைத்து இளஞ்சூட்டில் வறுக்கவும். பயற்றை வாசனை வரும்வரை வறுக்கவும். சோயாவை ஓர் இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, காயவைத்துப் பொன்னிறமாக வறுக்க வேண்டும். பச்சைச் சோயாவில் புரதம் சமிப்பதைத் தடுக்கும் பொருள் உண்டு. நன்கு வெந்தாலே அது அழியும். யாவற்றையும் ஆறவிட்டு மில்லில் அரைத்தோ உரலில் இடித்தோ அரிதட்டில் அரித்தெடுக்கவும். கச்சானை வறுத்துத் தோல் நீக்கித் தனியாக இடித்து வைத்து, சமைக்கும்போது சேர்ப்பது நல்லது. எண்ணெய்த் தன்மையால் அது விரைவில் காறிவிடும்.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிநீரில் ஊற்றி, 10 நிமிடம் துழாவி வேகவிட்டுத் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்க்கவும். முருங்கையிலை கிடைத்தால் உப்புக் கஞ்சியாக்கி அதையும் போடலாம். சிறு பிள்ளையின் கோப்பையில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள்.

பயற்றையும் குரக்கனையும் முளைக்க வைத்துக் காயவைத்து வறுத்து அரைத்தால் கஞ்சி இறுகாது. அதனால் அதே கோப்பையில் கூடுதலாக மா போடலாம். வயிறு சிறிதாகவுள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி.

மீன் சாப்பிடுவோர் நெத்தலியைத் தலை நீக்கி, உப்புப் போகக் கழுவி, காயவைத்து வறுத்து இடித்துத் தூளாக்கலாம். ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறத்தாழ 3 கிராம் புரதமும், எலும்போடு இடிபடுவதால் சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

திரிபோஷாவை யாருக்குக் கொடுப்பது?

1973 முதல் எமது நாட்டில் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் விற்றமின்களும் கனியுப்புக்களும் சேர்ந்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக் மூலம் இலவசமாகக் கிடைப்பது. ஒரு நாளைக்குரிய 50 கிராமில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் உண்டு. வீட்டில் ஐந்து பேர் இருக்க ஒருவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று தாய் மனம் தவிப்பது இயல்பே. ஆனால் ஐந்தாகப் பங்கிட்டால் யாருக்கும் பயனில்லாமற் போகும். யாருடைய பெயரில் வந்ததோ அவருக்கே அதைக் கொடுங்கள். மற்றவர்களுக்கு வீட்டுச் சத்துமாவில் கஞ்சி காய்ச்சுங்கள். இடம் மாறி வந்தவர்கள், தற்போது வசிக்கும் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே பதிந்துகொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

6 மாதம் நிறையும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. எந்த மாவும் வேண்டாம்.

இரு பாதங்களும் வீங்கியிருக்கும் பிள்ளையை, அல்லது புயத்தின் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளையை, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கடும் போஷாக்கின்மையில் வீட்டிலேயே அதிக புரதம் கொடுப்பது ஆபத்து.

சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேளாமல் எந்தப் புரத மாவும் சாப்பிடக் கூடாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட, காரணம் திட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா உட்பட வேறு பகுதிகளிலும் கமக்காரரைத் தாக்கியுள்ளது. "களைப்பாக இருக்கிறது" என்று டின் வாங்குமுன் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துப் பாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் சீனி சேர்ந்த பான மாக்களைத் தவிர்க்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளனையும் எறிந்துவிடுங்கள். அதிலுள்ள அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றாகப் போகாது. கோழிக்கும் போடலாகாது.

கச்சான், மீன், சோயா ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தரும். முதலில் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். முழுக் கச்சானைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

தகரக் கூரையின் வெக்கையில் மா கெதியாகப் பழுதாகும். இரு கிழமைக்குப் போதுமான அளவே செய்து, இறுக மூடும் போத்தலில் ஈரக் கரண்டி படாமல் வையுங்கள்.

சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்துச் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

டின் மா என்றுமே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. சத்திரசிகிச்சைக்குப் பின், அல்லது விழுங்க முடியாத நோயில், வைத்தியர் குறிப்பிட்ட மாவை எழுதித் தந்தால் அது மருந்து போன்றது, வாங்கத்தான் வேண்டும். யாரும் எழுதித் தராதபோது, கடன்பட்டு வாங்கும் டின் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதே காசில் பயறும் கச்சானும் நெத்தலியும் முட்டையும் வாங்கினால் முழுக் குடும்பமும் சாப்பிடும்.

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சாமான் வாங்கி, ஒரே நாளில் வறுத்து, மில்லில் அரைத்துப் பகிர்ந்துகொண்டால் செலவும் அலுப்பும் குறையும். மாதர் சங்கங்கள் இதனைச் செய்யலாம். சிறு துண்டுக் காணி உள்ளவர் பயறோ கௌபியோ போட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் பலன் எடுக்கலாம். அவற்றின் வேர் மண்ணுக்கும் தழைச்சத்தைத் தரும். காணியே இல்லாதவரும் வேலியில் ஒரு முருங்கைக் கதியாலை நட்டுவைக்கலாம்.

தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும் சொந்த ஊரிலிருந்து பெயர்க்கப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களே. அரசனின் பந்தி அவர்களுக்கு முன் இருந்தது. அவர்களோ மரக்கறி உணவையும் தண்ணீரையும் கேட்டுப் பத்து நாள் பரீட்சித்துப் பார்க்கச் சொன்னார்கள். பத்தாம் நாள் அவர்களுடைய முகம் மற்றவர்களுடையதைவிடக் களையாக இருந்தது என்று வேதாகமம் சொல்கிறது. நாமும் எமது பிள்ளைகளின் நிறையை இன்று கிளினிக்கில் பார்த்துக் குறித்துக்கொள்வோம். மூன்று மாதம் இந்தக் கஞ்சியை ஒழுங்காகக் கொடுத்து, மாதம் தவறாமல் நிறுத்துப் பார்ப்போம். நிறை ஏறாவிட்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுவோம்.