எஞ்சினிலிருந்து ஏட்டுக்கு வந்த அடைமொழி



கல்லூரி விவாத அணிக்கு மாணவரைத் தெரிவு செய்துகொண்டிருந்த ஒரு நாள், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலப் பத்திரிகையொன்றைக் கொண்டுவந்தான். அதில் ஒரு நாடகத்தை ‘ஹை ஒக்டேன்’ நாடகம் எனப் புகழ்ந்திருந்தார்கள். “சேர், இதைத் தமிழில எப்பிடிச் சொல்லுறது?” என்று கேட்டான்.

“காரசாரமான நாடகம்” என்றேன்.

அருகிலிருந்த இரசாயனவியல் ஆசிரியர் சிரித்தார். “ஒக்டேன் எண்டது எரியிற வேகமில்லை, மாஸ்ரர். அவசரப்பட்டு எரியாமல் இருக்கிற பொறுமை” என்றார்.

எட்டுக் காபன் அணுக்களைக் கொண்ட ஐதரோகாபனே ஒக்டேன். எட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். எஞ்சின் உருளையினுள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படும். பின் மின்பொறி பட்டு எரியும். தீச்சுவாலை வந்து சேருமுன்னரே அக்கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்தால் ‘டக், டக்’ என்ற தட்டல் எழும். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க இரசாயனவியலாளர் இதற்கோர் அளவுகோல் வகுத்தனர். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0. தட்டலை நன்கு தாங்கும் ஐசோஒக்டேனுக்கு 100. நம் நாட்டு எண்ணெய் நிரப்பு நிலையங்களில் காணும் 92, 95 என்பன இந்த எண்களே. எண் கூடுவதனால் மட்டும் பெற்றோலின் சக்தி கூடிவிடுவதில்லை.

அப்படியாயின் வேகம் என்ற பொருள் எங்கிருந்து வந்தது?

கலவையை அதிகமாக அமுக்கும் எஞ்சின் அதிக வலுவைத் தரும். அத்தகைய எஞ்சினுக்குப் பொறுமையுள்ள எரிபொருளே வேண்டும். 1940 இல் பிரித்தானிய வான்பரப்பில் நடந்த போரிலே ஸ்பிற்ஃபயர் விமானங்கள் 100 ஒக்டேன் எரிபொருளுடன் பறந்தன. பந்தயக் கார்களும் உயர்ந்த எண்ணையே நாடின. எஞ்சினின் வலு, எரிபொருளின் பெயரில் ஏறிக்கொண்டது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவதை நம் இலக்கணகாரர் ஆகுபெயர் என்றனர். இங்கும் ஒப்புமை அன்று, தொடர்பே பொருளை மாற்றியது. பின்னர் அந்த அடைமொழி எஞ்சினை விட்டிறங்கி நாடகத்துக்கும் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் உரியதாயிற்று.

ஆகவே, என் மொழிபெயர்ப்பு பிழையன்று. ‘காரசாரம்’ கூட அடுக்களையிலிருந்து விவாத மேடைக்கு வந்த சொல்தானே! சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது வழக்கேயன்றி ஆய்வுகூடமன்று.

ஆயினும் நண்பரின் வார்த்தை என்னை விடவில்லை. எதிரணியினர் பேசி முடிக்கும்வரை வாய் திறவாதிருந்து, பின்பு நிதானமாகப் பதிலிறுக்கும் மாணவன் ஒருவனை, ‘சூடு போதாது’ என்று அன்று காலையிலேதான் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தேன்.

மாலையில் அவன் பெயரை மீண்டும் எழுதினேன்.