புதிய இயங்குதளத்தை முன்கூட்டியே சோதிக்கலாமா? 2018-இல் அழிந்த கோப்புகள் உணர்த்தும் பாடம்

புது தில்லி: கணினிக்கான புதிய இயங்குதளம் அதிகாரபூர்வமாக வெளியாவதற்குப் பல வாரங்கள் முன்பே அதன் முன்னோட்டப் பதிப்பு இணையத்தில் கிடைக்கத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பதிவு செய்துகொண்டால் எவரும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால், அவ்வாறு நிறுவுபவர் ஊதியம் பெறாத சோதனையாளராகவும் மாறிவிடுகிறார். சோதனையில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுவது அவருடைய சொந்தக் கோப்புகளே.

இந்த ஏற்பாடு எவ்வாறு செயல்படுகிறது, அதில் யாருக்கு என்ன பொறுப்பு உள்ளது, எத்தகைய முன்னேற்பாடுகள் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னோட்டப் பதிப்பு எதற்காக?

ஓர் இயங்குதளம் எண்ணற்ற வகைக் கணினிகளில் இயங்க வேண்டியுள்ளது. செயலி, நினைவகம், அச்சுப்பொறி, பழைய மென்பொருள்கள் எனக் கணினிக்குக் கணினி சேர்க்கை மாறுபடுகிறது. இவை அனைத்தையும் ஒரு நிறுவனம் தன் ஆய்வகத்திலேயே சோதித்து முடிப்பது இயலாது. எனவே, நிறுவனத்துக்குள் முதற்கட்டச் சோதனை முடிந்ததும் 'பீட்டா' எனப்படும் பதிப்பு வெளியாருக்கு வழங்கப்படுகிறது. பெரிய பிழைகள் களையப்பட்ட பிறகு, இறுதி வடிவத்துக்கு மிக நெருக்கமான பதிப்பு வெளியிடப்படுகிறது. அதிலும் சிக்கல் எழாவிட்டால் பொது வெளியீடு நடைபெறுகிறது.

பணம் செலுத்திச் சோதித்த காலம்

முன்னோட்டப் பதிப்புகள் எப்போதும் இலவசமாகக் கிடைக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இயங்குதளத்தின் முன்னோட்டத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்காவில் 19.95 டாலருக்கு வழங்கியது. பிளாப்பி வட்டுகளில் வந்த அந்தப் பதிப்பு அதே ஆண்டு நவம்பரில் காலாவதியானது. தொடர்ந்து பயன்படுத்த விரும்பியவர்கள் இறுதிப் பதிப்பைத் தனியே வாங்க வேண்டியிருந்தது.

ஆப்பிள் நிறுவனமும் 2000 செப்டம்பரில் மேக் ஓ.எஸ். எக்ஸ் இயங்குதளத்தின் பொதுச் சோதனைப் பதிப்பை 29.95 டாலருக்கு விற்றது. அதன் முழுமையான முதல் பதிப்பு 2001 மார்ச் 24 அன்று வெளியானது.

விண்டோஸ் 7-இன் பீட்டா பதிப்பு 2009 ஜனவரியில் இலவசமாக வெளியிடப்பட்டபோது, பதிவிறக்க முயன்றவர்களின் நெரிசலால் மைக்ரோசாஃப்ட் வழங்கிகள் திணறின. எம்.பி.3 பாடல் கோப்புகளின் தொடக்கத்தில் சில வினாடிகள் அழிந்துபோகக்கூடிய பிழையும் அந்தப் பதிப்பில் இருந்தது. அதைச் சரிசெய்யும் திருத்தத்தை நிறுவனம் உடனடியாக வழங்கியது. பின்னர் வந்த இறுதிக்கட்ட முன்னோட்டப் பதிப்பு, 2010 மார்ச் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கணினியைத் தானாகவே அணைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. சோதனைப் பதிப்புக்கு ஆயுள் உண்டு என்பதைப் பயனர்கள் மறந்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இலட்சக்கணக்கானோர் பங்கேற்கும் சோதனை

2014-இல் நிலைமை மாறியது. விண்டோஸ் 10 அறிவிக்கப்பட்டபோது 'விண்டோஸ் இன்சைடர்' என்ற திட்டத்தை மைக்ரோசாஃப்ட் தொடங்கியது. அக்டோபர் 1 அன்று முதல் முன்னோட்டப் பதிப்பு கிடைத்தது. இரு வாரங்களுக்குள் 10 லட்சம் பேர் பதிவு செய்தனர். வெளியீட்டுக்குப் பிறகும் திட்டம் நிறுத்தப்படவில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பும் முதலில் இவர்களுக்கே அனுப்பப்படுகிறது. விண்டோஸ் 11-இன் முதல் முன்னோட்டமும் 2021 ஜூன் 28 அன்று இவர்களுக்கு வழங்கப்பட்டு, அக்டோபர் 5 அன்று பொது வெளியீடு நடைபெற்றது.

ஆப்பிள் நிறுவனமும் 2014 ஜூலையில் மேக் கணினிகளுக்கும், 2015 மார்ச்சில் ஐபோன்களுக்கும் பொது பீட்டா திட்டத்தைத் திறந்துவிட்டது.

2018 அக்டோபரில் நடந்தது என்ன?

இத்தனை பேர் சோதித்தும் ஒரு பெரும்பிழை தப்பிச் சென்ற நிகழ்வு 2018-இல் ஏற்பட்டது. விண்டோஸ் 10-இன் 1809 என்ற எண் கொண்ட புதுப்பிப்பு அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று வெளியானது. அதை நிறுவிய சிலரது கணினிகளில் ஆவணங்களும் புகைப்படங்களும் காணாமல் போயின. புகார்கள் எழுந்ததையடுத்து அக்டோபர் 6 அன்று புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. பிழை நீக்கப்பட்டு, நவம்பர் 13 அன்றே அது மீண்டும் வெளியிடப்பட்டது.

நிறுவனம் அளித்த விளக்கம் கவனிக்கத்தக்கது. 'ஆவணங்கள்', 'படங்கள்' போன்ற கோப்புறைகளை வேறொரு இடத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. அவ்வாறு மாற்றும்போது பழைய கோப்புகளை உடன் நகர்த்தாவிட்டால், அவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். முந்தைய புதுப்பிப்பில், ஒரே பெயரில் வெற்றுக் கோப்புறைகள் கூடுதலாகத் தோன்றுவதாகப் பயனர்கள் குறைகூறியிருந்தனர். அந்தக் குறையைப் போக்கவே, தேவையற்ற கோப்புறைகளை நீக்கும் நிரல் சேர்க்கப்பட்டது. ஆனால் அது, வெற்றாக இல்லாத பழைய கோப்புறைகளையும் அவற்றினுள் இருந்த கோப்புகளோடு சேர்த்து அழித்துவிட்டது.

பாதிப்பைப் புகாரளித்தவர்கள் மொத்த நிறுவல்களில் 0.01 சதவீதம் மட்டுமே என மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. எனினும், குழந்தையின் முதல் புகைப்படங்களையோ பல ஆண்டுக் கணக்கு வழக்குகளையோ இழந்த ஒருவருக்கு அந்தச் சதவீதம் ஆறுதல் அளிக்காது.

வாக்குகளில் மறைந்த எச்சரிக்கை

இந்த நிகழ்வில் மேலும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கோப்புகள் அழிவதாக முன்னோட்டச் சோதனையாளர்கள் சிலர், பொது வெளியீட்டுக்குப் பல வாரங்கள் முன்பே நிறுவனத்தின் கருத்துப் பதிவுச் செயலியில் எழுதியிருந்தனர். ஆனால், பிற பயனர்கள் அளிக்கும் ஆதரவு வாக்குகளின் எண்ணிக்கையே அங்கு ஒரு பதிவைக் கண்ணில் படச் செய்தது. அரிதாக நிகழும் பிழைக்கு அதிக வாக்குகள் கிடைப்பதில்லை. பலரும் காணும் சிறு குறைகள் மேலேறின. சிலருக்கு மட்டும் நேர்ந்த பெரும் இழப்பு அடியில் தங்கியது. வெளியீட்டுக்கு முந்தைய இறுதிக்கட்டச் சோதனைக் குழுவுக்கு அந்தப் புதுப்பிப்பு அனுப்பப்படாததும் விமர்சனத்துக்கு உள்ளானது.

இதன் பின்னர், புகாரளிப்பவர் தமக்கு ஏற்பட்ட பாதிப்பின் தீவிரத்தையும் குறிப்பிடும் வசதி அந்தச் செயலியில் சேர்க்கப்பட்டது. ஒரு பிழையை எத்தனை பேர் கண்டனர் என்பதைப் போலவே, அது எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பதே இதன் பொருள்.

நுழையும் முன் வெளியேறும் வழி

முன்னோட்டப் பதிப்பை நிறுவ விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, பழைய நிலைக்குத் திரும்பும் வழியையே. விண்டோஸில் மேம்படுத்திய பிறகு பொதுவாக 10 நாள்களுக்குள் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அதன் பின்னர், தொடக்கநிலைச் சோதனைப் பிரிவுகளிலிருந்து விலக வேண்டுமெனில் கணினியை முற்றிலும் அழித்து மீண்டும் நிறுவ நேரிடும். புதியவர்கள், பொது வெளியீட்டுக்கு மிக நெருக்கமான பதிப்பை வழங்கும் பிரிவைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. ஐபோனில், பீட்டா பதிப்பில் எடுக்கப்பட்ட காப்பு நகலைப் பழைய பதிப்பில் மீட்டெடுக்க இயலாமல் போகலாம். ஆகவே, பீட்டாவை நிறுவும் முன்பே காப்பு நகல் எடுத்துத் தனியே வைத்திருத்தல் அவசியம்.

காப்பு நகல் அதே கணினியில் இருப்பதில் பயனில்லை. வெளி வன்தட்டிலோ மேகச் சேமிப்பிலோ வைத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புக் குறியீட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தனியுரிமையும் கருத்தில் கொள்ளத்தக்கது. இன்சைடர் திட்டத்தில் சேர்பவர்கள் கூடுதல் கண்டறிதல் தரவுகளை அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும். செயலி ஒன்று முடங்கும்போது அனுப்பப்படும் நினைவகத் தகவலில், அப்போது திறந்திருந்த கோப்பின் ஒரு பகுதியும் தற்செயலாக இடம்பெறக்கூடும். அலுவலக ஆவணங்கள் உள்ள கணினிக்கு இது ஏற்றதன்று.

வீட்டார் அனைவரும் ஒரே கணினியைப் பகிரும் இல்லங்கள் இந்தியாவில் ஏராளம். மாணவரின் செய்முறைப் பணி, பெற்றோரின் வருமான வரி ஆவணங்கள், குடும்பப் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் அதில்தான் இருக்கும். அத்தகைய கணினியில் சோதனைப் பதிப்பை நிறுவுவதைத் தவிர்ப்பது நல்லது. முதன்மைச் சாதனத்தில் பீட்டாவை நிறுவ வேண்டாம் என ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. பயன்பாட்டில் இல்லாத பழைய கணினியோ, கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கப்படும் மெய்நிகர் கணினியோ இதற்குப் போதும்.

புகாரும் ஒரு பங்களிப்பு

சோதிக்க முன்வருபவர், கண்ட பிழையைத் தெளிவாகப் பதிவு செய்வது அவசியம். என்ன செய்தபோது பிழை நேர்ந்தது, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன, மீண்டும் செய்தால் அதே பிழை வருகிறதா என்ற விவரங்கள் இருந்தால் பொறியாளர்கள் அதை எளிதில் கண்டறிவர். தரவு இழப்பு நேர்ந்திருந்தால் அதை முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும்.

2018-இல் சிலர் எழுதிய எச்சரிக்கை உரிய நேரத்தில் படிக்கப்பட்டிருந்தால், பலரது கோப்புகள் தப்பியிருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.