பரணில் கிடந்தது போல

துணியும் தூரிகையும் – 9

சென்ற வாரம் பார்த்த அச்சுத்துணிப் பொம்மைகளுக்கு மூத்த தலைமுறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற ஊரில் இசான்னா வாக்கர் என்றொரு பெண்மணி இருந்தார். துணியைப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்து அழுத்துவார். அதன்மேல் நம் பனியன் துணி மாதிரியான பின்னல் துணியைப் போர்த்தி, முகத்துக்கும் கைகால்களுக்கும் எண்ணெய் வண்ணம் பூசுவார். 1873-இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். குழந்தை மேலே விழுந்தாலும் அடிபடாது, அழுக்கானால் சுத்தம் செய்வது சுலபம் என்று அந்த விண்ணப்பத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதே மாநிலத்தின் பாட்டக்கெட்டில் மார்த்தா சேஸ் இதே வழியில் ஒரு தொழிலையே நடத்தினார். 1911-இல் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்கென்று ஆளுயரப் பொம்மை வேண்டும் என்றபோது, செய்து கொடுத்தது இவர்தான்.

இந்த இருவருக்கும் வண்ணம் என்பது துணிக்குப் போட்ட கவசம். இன்று அதே நாட்டில் கிறிஸ்துமஸ் மரத்துக்காகத் துணித் தொங்கல்கள் செய்கிறவர்கள் அந்தக் கவசத்தைப் பூசிவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாளை எடுத்துச் சுரண்டுகிறார்கள்.

புதியதைப் பழசாகக் காட்டும் இந்த ஆசைக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1974-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், 1776 முதல் 1876 வரையிலான அமெரிக்க நாட்டுப்புறக் கலைக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தது. அடுத்த இரண்டாண்டில் நாட்டின் இருநூறாவது பிறந்தநாளும் வந்தது. பாட்டி காலத்துச் சாமான்களுக்குத் திடீர் மரியாதை கிடைத்தது. பரண் வைத்திருந்தவர்கள் இறக்கி வைத்தார்கள்; பரண் இல்லாதவர்கள், பரணில் கிடந்தது போலச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

செய்முறைக்கு வருவோம். வேண்டியது வெளுக்காத மஸ்லின், நம் ஊர்க் கணக்கில் காடாத்துணி. கஞ்சி போக ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகுதான் தொட வேண்டும். கஞ்சி இருந்தால் வண்ணம் ஊறாது. இரண்டு மடிப்பாகப் போட்டு நட்சத்திரமோ, பனிமனிதனோ, கையுறையோ பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். வெட்டிவிட்டுத் தைப்பதை விட, கோட்டின் மேலேயே நெருக்கமாகத் தைத்துவிட்டு, அதற்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுவது நல்லது. சின்ன உருவத்தில் இந்த ஒரு பழக்கம்தான் வடிவத்தைக் காப்பாற்றும். நட்சத்திரத்தின் உள்மூலைகளில் தையல் வரை கத்தரியால் ஒரு நறுக்கு கொடுக்காவிட்டால், திருப்பும்போது சுருக்கம் விழும். பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி, குச்சியால் குத்தி இறுக்கமாக அடையுங்கள். தளர்வாக அடைத்த பொம்மையில் வண்ணம் மடிப்பு மடிப்பாக உடையும்.

முதல் பூச்சு எப்போதும் அடர்நிறம், பழுப்போ கருப்போ. அது நன்றாகக் காய்ந்த பின் மேலே வெள்ளை, மங்கின சிவப்பு, கடுகுமஞ்சள். எல்லாம் அக்ரிலிக்தான். வெடிப்பு வேண்டுமென்றால் இரண்டு பூச்சுக்கும் நடுவே வெள்ளைப் பசையைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல் வண்ணத்தை ஒரே இழுப்பில் பூச வேண்டும். காயக் காய, வறண்ட ஏரித் தரை போலப் பிளக்கும். திரும்பத் திரும்பத் தூரிகை ஓட்டினால் வெறும் சேறு.

பிறகு உப்புத்தாள். எங்கே தேய்ப்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும். நூறு வருஷம் புழங்கிய பொருள் எங்கும் ஒரேபோலத் தேயாது. ஓரத்தில், தையல் மேட்டில், மூக்கு நுனியில், விரல் பிடிக்கிற இடத்தில் தேயும். பல கடைச் சரக்குகளில் நடுவயிற்றில் சுரண்டல் இருக்கும். பார்த்தவுடனே பொய் தெரிந்துவிடும்.

கடைசியில் காபி. வெந்நீரில் இன்ஸ்டன்ட் காபித் தூளைக் கெட்டியாகக் கரைத்து, வெனிலா எசன்ஸும் பட்டைப் பொடியும் கலந்து மேலே தடவுவார்கள். வண்ணம் தேய்ந்த இடங்களிலும் வெடிப்புகளிலும் புகுந்து அது கறையாகப் படியும். ஓவனைக் குறைந்த சூட்டில், ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் வைத்து, பக்கத்திலேயே நின்று காயவைப்பார்கள். வீடெங்கும் மணக்கும். தொங்கவிடத் துருப்பிடித்த கம்பியோ, கிழித்த கந்தல் நாடாவோ, கூடவே ஒரு சலங்கையோ.

இந்தக் கைவினைக்காரர்களுக்குச் சிவப்புச் சட்டைக் கிறிஸ்துமஸ் தாத்தா அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் பெல்ஸ்னிக்கலைத்தான் தேடிப் போகிறார்கள். முரட்டு உரோம அங்கி, கையில் பிரம்பு; சேட்டைக்காரப் பிள்ளைகளை மிரட்டிவிட்டுத்தான் தின்பண்டம் தருவார். தேய்ந்த வண்ணம் அவர் முகத்துக்குத்தான் பொருந்துகிறது. குண்டுக் கன்னச் சிரிப்பைச் சுரண்டினால் பாவமாக இருக்கிறது.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. காபியில் அமிலம் இருக்கிறது. அது பருத்தி நாரை மெல்ல மெல்ல நொறுக்கும். பழந்துணிகளைப் பராமரிக்கிறவர்கள் தேநீர்ச் சாயம், காபிச் சாயம் என்றாலே முகம் சுளிப்பார்கள். வாக்கரின் பொம்மைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உட்கார்ந்திருக்கின்றன. நூறு வயது வேஷம் போட்ட இந்த நட்சத்திரங்கள் உண்மையான நூறைப் பார்க்குமா என்பது சந்தேகம்தான். காபி வேண்டாமென்றால், பழுப்பு அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்துத் தடவி, ஈரம் போகுமுன் துணியால் துடைத்துவிடுங்கள். பட்டை மணம் கிடைக்காது, எறும்பும் வராது.

இன்னொன்று. நேர்மையான கைவினைஞர்கள் முதுகில் பெயரும் ஆண்டும் எழுதுகிறார்கள். அழியாத மையில், கறை ஏற்றுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், கை மாறிக் கை மாறி, ஏதாவதொரு பழம்பொருள் கடையில் 1890-ஆம் ஆண்டுச் சரக்கென்று விலைச்சீட்டு ஏறிவிடும்.

(தொடரும்)