ஆஸ்பத்திரிக்கு எடுத்த பணமும் வருமான வரி ரிட்டர்னும்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு ராஜபாளையம் வந்திருந்தான். கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரத்தை வேடிக்கை பார்த்தவன், "மாமா, ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு தனியா கணக்கு ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். கல்லாப்பெட்டியைக் காட்டினேன். சிரித்துவிட்டு அவர்கள் ஊர் ஏற்பாட்டை விளக்கினான்.

அங்கே 'ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று. 2003-ல் சட்டம் போட்டு 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட வகை மருத்துவ இன்சூரன்ஸ் வைத்திருப்பவர் மட்டும் இதில் பணம் போடலாம். போடும்போதும் வரி இல்லை, வைத்தியத்துக்கு எடுத்தாலும் வரி இல்லை. வேறு காரியத்துக்கு எடுத்தால் வருமானத்தோடு சேர்த்து வரி கட்டுவதுடன், 65 வயதுக்கு உட்பட்டவரானால் மேலும் 20 சதவீதம் அபராதம். எவ்வளவு எடுத்தார்கள் என்று பேங்க் ஒரு கணக்குச்சீட்டு அனுப்பும். அதில் வைத்தியத்துக்குப் போனது எவ்வளவு என்று இவர்கள் ரிட்டர்னுடன் 8889 என்ற படிவத்தில் எழுதித் தர வேண்டும். ஒரு காசு வரி வராவிட்டாலும் எடுத்ததைக் காட்டியே ஆக வேண்டும் என்றான்.

இப்படி ஒரு கணக்கு நம் நாட்டில் கிடையாது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் நாம் டெபாசிட்டை உடைக்கிறோம், தபாலாபீஸ் பாஸ்புக்கைத் தேடுகிறோம், நகையை எடுக்கிறோம், கடைத்தெருவில் கைமாற்று வாங்குகிறோம். அப்படி எடுக்கும் பணத்தை ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது, எதைக் காட்ட வேண்டியதில்லை என்பதில் நம்மவர்கள் பலருக்குத் தெளிவில்லை. எனக்கும் இல்லாமல்தான் இருந்தது. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2021-22 நிதியாண்டில் என் மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுக்கு அப்போது வயது 61. இன்சூரன்ஸ் எதுவும் எடுத்திருக்கவில்லை. பேங்கில் இருந்த ஒரு டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முடித்து, பணமாக வாங்கி, மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனேன். பில் 1,80,000 ரூபாய். முழுவதையும் ரொக்கமாகக் கட்டினேன். அவள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள்.

ரிட்டர்ன் போடும்போது பில்லை ஆடிட்டரிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "ரொக்கமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். இன்சூரன்ஸ் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவரின் மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை 80டி பிரிவில் கழித்துக்கொள்ளலாம். 2018-19 நிதியாண்டு முதல் உள்ள வசதி இது. ஆனால் ரொக்கமாகக் கொடுத்த செலவுக்குக் கிடையாது. செக், கார்டு, பேங்க் மாற்றம் என்று ஏதாவது ஒரு வழியில் போயிருக்க வேண்டும். எனக்கு 20 சதவீத வரி. செஸ்ஸும் சேர்த்து 10,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். அதை மஞ்சள் பை தின்றது.

அடுத்தது டெபாசிட். வைத்தியத்துக்கு எடுத்த சொந்தப் பணம்தானே என்று அதைப் பற்றி ஆடிட்டரிடம் மூச்சே விடவில்லை. சில மாதம் கழித்து, வட்டி வருமானம் 68,000 ரூபாய் விட்டுப்போயிருப்பதாக வருமான வரித் துறையிலிருந்து தகவல் வந்தது. பேங்க் கொடுக்கும் வட்டி, பிடித்த வரி எல்லாம் ஆண்டுத் தகவல் அறிக்கையில் நம் பான் எண்ணில் தானாகப் பதிவாகிவிடுகிறது. நாம் மறந்தாலும் அது மறப்பதில்லை. மூத்த குடிமகன் என்பதால் 50,000 கழித்து, மீதி 18,000-க்கு வரியும் அதற்கு வட்டியும் கட்டித் திருத்திய ரிட்டர்ன் போட்டேன்.

இதில் உள்ள கணக்கு எளிது. நாம் போட்ட அசலைத் திரும்ப எடுப்பது வருமானம் அல்ல. அதன் மேல் வந்த வட்டி வருமானம். ஆஸ்பத்திரிக்கு எடுத்தாலும் சரி, கல்யாணத்துக்கு எடுத்தாலும் சரி, காரணத்தை வைத்துச் சட்டம் வட்டிக்கு விலக்குக் கொடுப்பதில்லை. சேர்ந்து வளரும் டெபாசிட்டில் வட்டி வருடாவருடம் அறிக்கையில் ஏறிக்கொண்டே வரும். ஆகவே முடிக்கும் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அந்தந்த வருடம் காட்டிவிடுவதே நல்லது. மனைவி பெயரில் நாம் போட்ட டெபாசிட்டாக இருந்தால், பணம் நம்முடையதாகையால் வட்டியும் நம் வருமானத்தில்தான் சேரும். இதை நம் கடைத்தெருவில் பாதிப் பேர் காட்டுவதில்லை.

பி.பி.எஃப். கணக்கு வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐந்து நிதியாண்டு கழிந்த பிறகு ஒரு பகுதியை எடுக்கலாம். தனக்கோ, மனைவிக்கோ, சார்ந்திருக்கும் பிள்ளைக்கோ, பெற்றோருக்கோ உயிருக்கு ஆபத்தான நோய் என்றால், சான்றுகளைக் கொடுத்துக் கணக்கையே முன்கூட்டி முடிக்கலாம். வட்டியில் 1 சதவீதம் குறைத்துக் கொடுப்பார்கள். வரி கிடையாது. விலக்குப் பெற்ற வருமானம் என்ற கட்டத்தில் எழுதிவிட்டால், இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பின்னால் எழாது.

என் வயதுக்காரர்கள் அலமாரியில் ஒன்று தேடிப் பார்க்க வேண்டும். 1987-ல் வந்த என்.எஸ்.எஸ். பாஸ்புக். அந்தக் காலத்தில் வருடம் 40,000 வரை போட்டு 80சிசிஏ பிரிவில் கழிவு வாங்கினோம். எடுத்தால் அசலும் வட்டியும் முழுக்க வருமானம் என்பதால் பயந்து தொடாமலே வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். 1-10-2024 முதல் அந்தக் கணக்கில் வட்டி நின்றுவிட்டது. அதே சமயம், 29-8-2024 அன்றோ அதற்குப் பிறகோ தனிநபர் எடுக்கும் தொகைக்கு வரி இல்லை என்று 2025-ம் ஆண்டு நிதிச் சட்டத்தில் சொல்லிவிட்டார்கள். இனியும் அது தபாலாபீசில் தூங்குவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நகையை அடகு வைத்து வாங்குவது கடன். வரி விஷயமே இல்லை. விற்றால் கதை வேறு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையானால் லாபத்தில் 12.5 சதவீதம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதென்றால் 1-4-2001 அன்று இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். நகை விற்ற வருடத்தில், 44ஏடி-யில் கணக்குக் காட்டும் சிறு வியாபாரி வழக்கமான 'சுகம்' படிவத்தைப் போட முடியாது, ஐ.டி.ஆர். 3 போட வேண்டும்.

கைமாற்றில்தான் நம்மவர்களுக்குப் பெரிய ஆபத்து. சரக்குக்குப் பணம் புரட்டுகிற மாதிரியே ஆஸ்பத்திரிக்கும் பக்கத்துக் கடையில் ஐம்பதாயிரம், எதிர்க் கடையில் ஒரு லட்சம் என்று ரொக்கமாக வாங்கிவிடுகிறோம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் 269எஸ்எஸ் பிரிவின்படி வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். திருப்பிக் கொடுப்பதற்கும் அதே மாதிரி ஒரு பிரிவு உண்டு. அவசர வைத்தியம் என்று நியாயமான காரணம் காட்டி விலக்குக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அதை எழுத்து மூலம் நிரூபிப்பது நம் பாடு. பேங்க் மூலம் வாங்கினால் இந்தப் பேச்சே இல்லை. கடனாக இல்லாமல் உதவியாகக் கொடுத்தாலும் ஒரு சிக்கல். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் மொத்தம் 50,000-க்கு மேல் வந்தால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். சித்தப்பா சட்டப்படி உறவினர். சித்தப்பா மகன் உறவினர் இல்லை! யார் எழுதினார்களோ தெரியவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரி பில்லுக்குத் தரும் பணம் வருமானம் அல்ல. ஆஸ்பத்திரி பில்லைக் கடைச் செலவில் எழுதும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அது செல்லாது. சொந்தச் செலவு சொந்தக் கணக்கில்தான் போக வேண்டும். பங்குதாரர் நிறுவனமானால் அவரவர் மூலதனக் கணக்கில் பற்று எழுத வேண்டும்.

இனி கழிவு விஷயம். 80டி பிரிவு 1986-ம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்தது. பொதுத்துறைக் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் பாலிசி கொண்டுவந்ததும் அதே வருடம்தான். தனக்கும் மனைவி மக்களுக்கும் கட்டும் பிரீமியத்தில் 25,000, குடும்பத்தில் 60 வயதானவர் இருந்தால் 50,000. பெற்றோருக்காகக் கட்டினால் தனியாக இன்னொரு 25,000 அல்லது 50,000. பெற்றோர் நம்மைச் சார்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரீமியமும் ரொக்கமாகக் கட்டக் கூடாது. உடல் பரிசோதனைக்கு 5,000 வரை, இந்த உச்சவரம்புக்குள்ளேயே, அது மட்டும் ரொக்கமாக இருக்கலாம். தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீதம் இருந்த ஜி.எஸ்.டி. 22-9-2025 முதல் இல்லை.

80டிடிபி என்று மற்றொரு பிரிவு இருக்கிறது. (வேடிக்கை என்னவென்றால் மூத்த குடிமக்களின் வட்டிக்கான பிரிவையும் தமிழில் எழுதினால் 80டிடிபி என்றே வரும். ஆங்கில எழுத்தில் இரண்டும் வேறு. ஆடிட்டரிடம் போனில் சொல்லும்போது நோய்க்கானதா வட்டிக்கானதா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.) நோய்க்கான பிரிவில் புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, சில நரம்பு நோய்கள், ஹீமோஃபீலியா, தலசீமியா, எய்ட்ஸ் ஆகியவை அடங்கும். இருதய நோய் பட்டியலில் இல்லை. தனக்கோ, சார்ந்திருக்கும் குடும்பத்தினருக்கோ செலவு செய்தால் 40,000 வரை; நோயாளி 60 வயதுக்கு மேற்பட்டவரானால் ஒரு லட்சம் வரை. உரிய சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும். இன்சூரன்ஸில் வந்த தொகையைக் கழித்துவிட வேண்டும்.

இவ்வளவும் பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறையே இயல்பான முறை. அதில் 80டி கிடையாது, இரண்டு 80டிடிபி-யும் கிடையாது. எங்களிடம் சீனி எடுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வியாபாரி ஒருவர், "அண்ணாச்சி, அப்பாவுக்கு டயாலிசிஸ் செலவு ஏகப்பட்டது போகுது, பழைய முறைக்கே போயிரலாமா?" என்று கேட்டார். அவருக்கு வயது 62, தகப்பனாருக்கு 86. இருவரும் உட்கார்ந்து 2025-26-க்குக் கணக்குப் போட்டோம். வருமானம் 15 லட்சம். புதிய முறையில் எந்தக் கழிவும் இல்லாமல் வரி, செஸ் சேர்த்து 1,09,200 ரூபாய். பழைய முறையில் 80சி-யில் ஒன்றரை லட்சம், தன் பிரீமியம் 50,000 கழித்தால் வரி 2,08,000. வீட்டுக் கடன் வட்டி 2 லட்சத்தையும் கழித்தால் 1,45,600. தகப்பனாருக்குப் பாலிசி இல்லை. அவருடைய மற்ற மருத்துவச் செலவு 50,000 கழித்தால் 1,30,000. டயாலிசிஸுக்கு நோய்ப் பிரிவில் ஒரு லட்சமும் கழித்த பிறகுதான் 1,04,000-க்கு இறங்கியது. ஐந்தரை லட்சம் ரூபாய்க் கழிவு காட்டி மிச்சம் 5,200.

அந்த 5,200-க்கும் ஒரு விலை உண்டு. சம்பளக்காரர் வருடத்துக்கு வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக, ரிட்டர்னுக்கு உரிய கெடு தேதிக்குள் 10-ஐஇஏ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை புதிய முறைக்குத் திரும்பலாம். திரும்பிவிட்டால், வியாபாரம் இருக்கும்வரை மறுபடி பழைய முறை கிடையாது. வீட்டுக் கடன் அடுத்த வருடம் தீர்கிறது என்றார். அப்படியானால் வேண்டாம் என்றேன், அவரும் விட்டுவிட்டார்.

வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும் மளிகைக்காரர்களுக்கு, 2025-26 முதல் புதிய முறையில் வழக்கமான வருமானத்துக்கு வரியே வராது. நகை விற்ற லாபத்துக்கு மட்டும் அந்தத் தள்ளுபடி பொருந்தாது. ஆகவே அவர்கள் வரிக்காகப் பாலிசி எடுக்க வேண்டியதில்லை. நோய்க்காக எடுக்க வேண்டும். நான் இப்போது எங்கள் இருவருக்கும் எடுத்திருக்கிறேன், வரியில் ஒரு பைசா லாபமில்லாமல்.

1-4-2026 முதல் 2025-ம் வருடத்திய புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்து, பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன் மட்டும் பழைய 1961 சட்டப்படிதான். பழைய முறையில் இருப்பவரிடம் 80டி-க்குக் கம்பெனிப் பெயர், பாலிசி எண் எல்லாம் படிவத்தில் கேட்கிறார்கள். ஆடிட்டரிடம் போகும்போது பாலிசி நகல், பேங்க் வட்டிச் சான்று, ஆஸ்பத்திரி பில், பணம் கட்டிய பேங்க் ரசீது நான்கையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.