கூரை தரும் குளிர்ச்சி

பிம்ப்ரியில் நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். என் தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்காக இவ்வூர் வந்து சேர்ந்தவர். சித்திரை மாதத்து இரவில், மணி பத்தாகும்போது, பவனை ஆற்றுப் பக்கமிருந்து நல்ல காற்று வீசும். சன்னலைத் திறந்தால் உள்ளேயும் வரும். ஆயினும் அம்மாவுக்கு உறக்கம் வராது. பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவார். இரத்த அழுத்தம் உள்ளவர் இருட்டில் படியேறக் கூடாதென்று மருத்துவர் சொல்லியும் கேட்பதில்லை. காற்று குளிர்ந்திருக்க, வீடு மட்டும் ஏன் வேகிறது? இந்தக் கேள்விதான் என்னை இன்றைய ஆராய்ச்சியில் கொண்டுவந்து நிறுத்தியது.

விடை தலைக்கு மேலேயே இருக்கிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம், பல மணி நேரம் கழித்து அதைக் கதிர்களாகக் கீழே வீசுகிறது. காற்று சூடானால்தான் நமக்குச் சுடும் என்பதில்லை. அடுப்பெதிரே நிற்பவர் முகம் காய்வதைப் பார்த்திருக்கிறோம் அன்றோ? மின்விசிறி இந்தக் கதிரைத் தடுக்காது.

இதையே மறுபுறமாக எண்ணிப் பாருங்கள். உச்சி வெயிலில் நெல்லையப்பர் கோயிலின் கல்மண்டபத்தில் நுழைந்ததும் உடல் குளிர்கிறது. விசிறுவாரும் இல்லை, காற்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். சுற்றியுள்ள கல் நம் தோலைவிடக் குளிர்ந்திருப்பதால், நாம் வீசும் கதிர் மிகுதி, நமக்குத் திரும்பி வருவது குறைவு. அவ்வளவே!

கல்லுக்குப் பதிலாகக் கூரையின் அடியில் ஓர் உலோகத் தகட்டைத் தொங்கவிட்டு, அதன் முதுகில் செம்புக் குழாய்களைப் பொருத்தி, குளிர்ந்த நீரை ஓடவிட்டால் அதுவே கதிர்வீச்சுக் குளிர்ப்பலகை. சாதாரணக் குளிர்பதன முறையில் காற்றைக் குளிர்வித்து, பெரிய விசிறிகளால் அறை அறையாகத் தள்ளுகிறார்கள். ஒரு லிட்டர் நீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்க ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று வேண்டும். வண்டி நிறைய வைக்கோல் ஏற்றுவதற்கும் மடியில் ஒரு காசு முடிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. மேலும், அம்முறைக்கு 7 பாகை அளவில் நீர் தேவை. பலகைக்கு 14 முதல் 16 பாகை போதும். நீரை அதிகம் குளிர்விக்க வேண்டாததால் எந்திரத்துக்கு மின்சாரம் குறைகிறது.

பலகை செய்வது எளிதென்று எண்ணித்தான் தொடங்கினேன். முதற்பலகைக்கு அலுமினியத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி மாட்டினேன். பார்க்க அழகு, பயன் மிகச் சொற்பம். மெருகிட்ட அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட ஏற்பதில்லை, மற்றதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சாதாரண வண்ணம் ஒரு பூச்சுப் பூசினால் ஏறத்தாழ 90 பங்கை ஏற்கிறது. வெள்ளையானாலும் கறுப்பானாலும் இந்தக் கதிருக்கு ஒன்றே! பாடநூலில் படித்ததுதான், ஆனால் அந்த மெருகை நானே சிரிஷ் தாள் வைத்துத் தேய்த்து அழித்தபிறகுதான் மனத்தில் பதிந்தது. பூசிய பலகை, தனக்கும் அறைக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு 5 வாட்டுக்குச் சற்று மேலாகக் கதிர் வழியே வாங்கிக்கொள்கிறது. குழாய்களை அகல வைத்தால் செம்புச் செலவு குறையும். இடைப்பட்ட தகடு சூடாகிவிடும். குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் உழைப்பு வீண்.

நம் நாட்டில் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஐதராபாத்தைக் காட்டலாம். அங்குப் போச்சாரத்தில் இன்போசிஸ் நிறுவனம் 2011-இல் ஒரு கட்டடத்தை இரு சம பாதிகளாக எழுப்பியது. ஒரு பாதிக்கு நன்கு திருத்தியமைத்த காற்றுவழிக் குளிர்பதனம். மறு பாதிக்குத் தளத்துக்குள்ளேயே புதைத்த நீர்க்குழாய்கள். ஒரே வெயில், ஒரே வகை வேலை. அளந்து பார்த்ததில் நீர்வழிப் பாதி 34 விழுக்காடு குறைவான ஆற்றலில் குளிர்ந்தது. இதைவிட நேர்மையான சோதனையை நான் படித்ததில்லை.

ஆனால் ஆனி மாதம் என் பலகை அழுதது. காலையில் ஆய்வகத்தைத் திறந்தால், மேசைமேல் விரித்திருந்த குறிப்பேடு முழுவதும் நனைந்து கிடந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா, "ஏலே, வெளியே பெய்யிற மழை போதாதுன்னு உள்ளே வேற பெய்ய வச்சியா?" என்றார். காரணம் பனிநிலை. சித்திரை நண்பகலில் 38 பாகை வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 11 பாகைக்குக் கீழே போனால்தான் நீர் படியும். மழைக்காலத்தில் 28 பாகை, 80 விழுக்காடு என்றால் 24 பாகையிலேயே படிந்துவிடும். என் பலகை 17 பாகையில் இருந்தது! உள்ளே வரும் காற்றின் ஈரத்தைத் தனிக்கருவியால் முன்பே பிழிந்தெடுத்தாலன்றி இப்பலகை மழைக்காலத்துக்கு ஆகாது.

சென்னை, தூத்துக்குடி நண்பர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து படிக்க. கடற்காற்றுள்ள நம் ஊர்களில் கோடையிலேயே இத்தொல்லை உண்டு. முடியாதென்பதில்லை, ஈரம் மிகுந்த பாங்காக்கில் 2006-இல் திறந்த சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்குள் குளிர்நீர் ஓடுகிறது, ஈரம் நீக்கிய காற்றைத் தனியே விடுகிறார்கள். ஆனால் சன்னலைத் திறந்துவைத்து வாழும் வீட்டுக்கு அது பொருந்தாது.

ஆகவே என் அம்மாவின் அறைக்கு என் பலகை உதவவில்லை. இதை ஒப்புக்கொள்ளச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. அதன்பின் வந்த மாசியில் வீட்டுக்காரரிடம் இசைவு பெற்று, மொட்டை மாடி முழுவதும் சுண்ணாம்பு அடித்தோம், மூன்று பூச்சு. வெயிலைக் குடிக்குமுன்னே திருப்பி அனுப்பும் வேலை அதனுடையது. சித்திரையில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு முக்காலிமேல் ஏறிக் கூரையில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு மட்டுமே இருந்தது. அம்மா கீழேயே பாய் விரித்திருந்தார். ஆய்வகத்தில் பலகைக்கு ஓர் ஈரமானியும், பனிநிலை நெருங்கினால் நீரை அடைக்கும் ஒரு வால்வும் பொருத்திவிட்டேன். ஆனி மழைக்குக் காத்திருக்கிறேன். குறிப்பேட்டை மேசையில் வைப்பதில்லை.