விமானக் கட்டுப்பாட்டுக் கணினிகள்: இரு பாதுகாப்புகளுக்கு இடையே

தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் 2025 நவம்பர் மாதம் தானியங்கித் தகவல் பரிமாற்ற அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. எந்த விமானம், எந்தப் பாதையில், எந்த உயரத்தில் செல்லும் என்ற பயணத் திட்டங்கள் இந்த அமைப்பின் வழியாகவே கட்டுப்பாட்டாளர்களைச் சென்றடைகின்றன. அது முடங்கியதும் ஊழியர்கள் அத்திட்டங்களைக் கைமுறையாகக் கையாண்டனர். போக்குவரத்து மந்தமானது, ஆனால் நின்றுவிடவில்லை.

இது தொழில்நுட்பக் கோளாறு என்று இந்திய விமான நிலையங்கள் ஆணையம் தெரிவித்தது. எனினும், இத்தகைய கணினிகளைத் தாக்குதல்களிலிருந்து காப்பது எவ்வாறு என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

தமிழில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல் இரு பணிகளைக் குறிக்கிறது. ஊடுருவலிலிருந்து கணினியைக் காப்பது ஒன்று. பயணிகளின் உயிரைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டும் சில நேரங்களில் முரண்படுகின்றன. வங்கியில் ஐயம் எழுந்தால் கணக்கை முடக்கிவிடலாம்; பறந்துகொண்டிருக்கும் விமானத்தை அவ்வாறு நிறுத்தி வைக்க இயலாது. கடவுச்சொல் பிழைக்காகக் கட்டுப்பாட்டாளரின் திரை பூட்டிக்கொண்டால், காவலே ஆபத்தாகிவிடும்.

விமானங்கள் தமது இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞைகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. எந்த நாட்டு விமானமும் தரைநிலையமும் அவற்றை உடனே அறிய வேண்டும் என்பதே நோக்கம். அதே காரணத்தால் போலிச் சமிக்ஞைகளை அனுப்பவும் இயலும். ரேடார் தகவலுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு நடைமுறைத் தீர்வாக உள்ளது.

மாற்று ஏற்பாடும் வேறு வகையினதாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் 28 அன்று, ஒரே பெயருடைய இரு வழிப்புள்ளிகள் இடம்பெற்ற ஒரு பயணத் திட்டத்தைப் புரிந்துகொள்ள இயலாமல், தவறான தகவல் கட்டுப்பாட்டாளர்களுக்குச் சென்றுவிடக் கூடாது என்பதற்காக முதன்மைக் கணினி தானாகவே நின்றது. அதே மென்பொருளில் இயங்கிய மாற்றுக் கணினியும் அதையே செய்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர்.

தில்லியில் போலி ஜிபிஎஸ் சமிக்ஞைகள் குறித்து மத்திய அரசு 2025 டிசம்பரில் மாநிலங்களவையில் அளித்த விளக்கமும் இதையே உணர்த்துகிறது. 10-ஆம் ஓடுபாதையை ஜிபிஎஸ் வழிகாட்டுதலுடன் அணுகிய சில விமானங்களே அச்சிக்கலை எதிர்கொண்டன. வழக்கமான தரைவழி வழிகாட்டுக் கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதைகளில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை. அத்தகைய பழைய கருவிகளின் குறைந்தபட்சக் கட்டமைப்பு தொடர்ந்து பராமரிக்கப்படுவதாகவும் அரசு தெரிவித்தது.